பழைய பாக்கியைப் புது வரவில் எழுதலாமா?

என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடி ரோலிங் ஸ்டோன்ஸ் பேச்சு வந்தால் தீர்ப்பு ஒன்றுதான்: "எழுபதுகளோடு சரக்கு தீர்ந்துபோச்சு சார். கிழவனுங்க இன்னும் மேடையில என்ன பண்றானுங்க?" போன வாரம் பீச்சில் இதைச் சொன்ன நண்பருக்கு எழுபத்தாறு. தெரு சங்கத்துக் கணக்கை இன்னும் அவர்தான் எழுதுகிறார், யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்கிறார். அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 1968 முதல் 1972 வரை வந்த பெகர்ஸ் பாங்க்வெட், லெட் இட் பிளீட், ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ், எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட் நான்குக்கும் ஈடாகப் பிறகு அவர்களாலேயே எதுவும் செய்ய முடியவில்லை. பாரிசிலிருந்து லீவில் வந்த சித்தப்பா கொண்டுவந்த எக்ஸைல் இரட்டைத் தட்டை நான் தேய்த்த தேய்ப்பில் அம்மா ரெக்கார்ட் பிளேயரையே பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

ஆனால் அந்தத் தட்டு உருவான விதத்தைப் பாருங்கள். 1971இல் இங்கிலாந்து வருமான வரிக்குப் பயந்து பிரான்சுக்குப் போனார்கள். வில்ஃபிரான்ஷ் கடலோரத்தில் கீத் ரிச்சர்ட்ஸ் வாடகைக்கு எடுத்த நெல்கோத் மாளிகையின் நிலவறையில் ஒலிப்பதிவு. புழுக்கத்தில் கிட்டார் சுருதி நிற்காது. இருந்தும் ராத்திரி ராத்திரியாக அங்கேயே வாசித்துக் கிடந்தார்கள். மெருகேற்றும் வேலை பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது. உயிர் அந்த வீட்டில் வந்தது.

இப்போது 1981க்கு வருவோம். "டாட்டூ யூதான் கடைசி நல்ல ஆல்பம், எண்பதுகளில் அது ஒன்றுதான் தேறும்" என்பார்கள். முப்பத்து மூன்று வருஷம் லெட்ஜரோடு குடித்தனம் நடத்தியவன் நான், இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அதில் பெரும்பகுதி எழுபதுகளில் பதிவு செய்து கிடப்பில் போட்ட டேப்புகள். கிரிஸ் கிம்ஸி என்ற பொறியாளர் அவற்றைத் தோண்டி எடுத்தார். மிக் ஜாகர் மேலே பாடிச் சேர்த்தார். பழைய பாக்கி வசூலானதை நடப்பு வருஷ வரவில் எழுதினால் எங்கள் ஆடிட்டர் விடுவாரா?

எண்பதுகளின் உண்மையான கணக்கு 1986இல் வந்த டர்ட்டி வொர்க். மோசம். அப்போது ஜாகருக்கு நாற்பத்திரண்டு வயதுதான்! கிழவனா அவர்? அவர் தனி ஆல்பம் போடப் போனார், கீத் முறுக்கிக்கொண்டார், இருவருக்கும் பேச்சே சரியில்லை. வயது கெடுக்கவில்லை ஐயா, ஒரே அறையில் உட்காராதது கெடுத்தது. பிறகு வந்த ஸ்டீல் வீல்ஸ், வூடூ லவுஞ்ச் எல்லாம் சுத்தமாக இஸ்திரி போட்ட சட்டைகள். அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

2015 டிசம்பரில் லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் மூன்றே நாள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பழைய சிகாகோ புளூஸ் பாடல்கள் பன்னிரண்டை வாசித்து முடித்தார்கள். மறுவருஷம் புளூ அண்ட் லோன்சம் என்று வந்தது. எழுபத்திரண்டு வயதில் ஜாகர் மவுத் ஆர்கன் ஊதுவதைக் கேளுங்கள், பிறகு பேசுங்கள். இடையில் வந்த முப்பது வருஷச் சரக்கையும் இந்த ஒரு தட்டுக்குக் கொடுத்துவிடுவேன்.

"அதெல்லாம் அடுத்தவன் பாட்டு" என்பார் நண்பர். 1964இல் வந்த முதல் ஆல்பத்திலும் பெரும்பாலும் அடுத்தவன் பாட்டுதான். அப்போது மட்டும் இனித்ததா?

2023இல் வந்த ஹாக்னி டயமண்ட்ஸ்? விருந்தாளிகள் கூட்டம் எனக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் கடைசிப் பாட்டில் கூட்டம் கலைந்து ஜாகரும் கீத்தும் மட்டும் இருக்கிறார்கள். மடி வாட்டர்ஸ் பாட்டு அது. 1962இல் குழுவுக்குப் பெயர் வைத்ததே அதிலிருந்துதான். நண்பருக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீல டிக் வந்துவிட்டது. பதிலைக் காணோம்.