காரணங்களின் பட்டியல் விளக்கமாகுமா?

தீவுப்பகுதிக் கிணறுகள் ஏன் உவர்க்கின்றன என்ற வினாவுக்கு ஒரு விடை நெடுங்காலமாகத் தயாராக இருக்கிறது. கடல் சூழ்ந்தமை, சுண்ணாம்புப் பாறை, மழைக்குறைவு, மிகையான நீரிறைப்பு, குளங்கள் தூர்ந்தமை என ஐந்து காரணிகள் இலக்கமிட்டு எழுதப்படும். ஐந்துக்கும் புள்ளி கிடைக்கும். எழுதியவரும் திருத்தியவரும் ஒரு விளக்கம் நிறைவேறிவிட்டதென நம்புவர். புங்குடுதீவில் பவுசரின் வரவுக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருப்போருக்கு அவ்விடையால் யாதொரு பயனும் இல்லை. அவ்விடை பொய்யன்று, ஆயின் அது விளக்கமும் அன்று.

இப்பட்டியல் மனப்பான்மைக்கு மெய்யியலில் பெரும் பெயர்களின் துணை உண்டு. ஒரு நிகழ்ச்சியின் உண்மையான காரணம் அதற்கு முன்னிருந்த நிபந்தனைகள் அனைத்தினதும் கூட்டே. அவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்துக் காரணமெனல் விஞ்ஞான நியாயமற்றது என்று ஜோன் ஸ்ரூவட் மில் 1843 இல் வெளியிட்ட அளவையியல் நூலில் வாதிட்டார். வளர்ச்சியுற்ற விஞ்ஞானங்களுக்குக் காரணம் என்ற எண்ணக்கருவே வேண்டுவதில்லை, சமன்பாடுகளே அவற்றுக்குப் போதும் என்பது 1913 இல் பேட்றன்ட் றசல் வெளியிட்ட கட்டுரையின் சாரம். பொது விதியொன்றிலிருந்து நிகழ்ச்சியை அனுமானித்துக் காட்டுவதே விளக்கம் என்று 1948 இல் ஹெம்பலும் ஒப்பன்ஹைமும் வரையறுத்தனர். கூட்டு, சமன்பாடு, விதி ஆகிய இம்மூன்றையும் ஒரு தீவுக் கிணற்றில் இறக்கிப் பார்த்தல் தகும்.

நன்னீரின் அடர்த்தி 1.000 எனின் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 ஆகும். ஆதலால், துளைகளும் வெடிப்புகளும் மலிந்த சுண்ணாம்புக்கல்லினுள் ஊறிய மழைநீர், கீழுள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான பாடன் கைபனும், 1901 இல் வடகடல் தீவுகளின் நீரை ஆராய்ந்த ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே ஒரு தொடர்பினை எடுத்துக்காட்டினர். நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும். மேல்மட்டம் 1 அடி தாழ்ந்தால், சமநிலை எய்தும்போது உவர்நீர் கீழிருந்து 40 அடி ஏறும். வெடிப்பு மிகுந்த பாறையில் இக்கணக்கு இவ்வளவு துல்லியமாக அமையாது. எனினும் போக்கு இதுவே.

இச்சமன்பாட்டுக்குத் திசை இல்லை. மேல்மட்டம் தெரிந்தால் உவரெல்லையைக் கணிக்கலாம். உவரெல்லை தெரிந்தால் மேல்மட்டத்தைக் கணிக்கலாம். இரண்டும் விதியிலிருந்து முறையாகப் பெறப்பட்ட அனுமானங்களே. ஆனால் இரண்டும் விளக்கங்கள் அல்ல. மழை பெய்ய நன்னீர் பெருகுகிறது, உவரெல்லை தாழ்கிறது. இறைப்பு மிக நன்னீர் குறைகிறது, உவரெல்லை உயர்கிறது. ஹெம்பலின் விமர்சகர்கள் காட்டிய கொடிமர உதாரணமும் இதனையே உணர்த்தும். நிழலின் நீளத்தைக் கொண்டு கொடிமரத்தின் உயரத்தைக் கணிக்கலாம். அதனால் நிழல் கொடிமரத்தை உயர்த்தியது என்றாகிவிடாது. காரணத்தைத் துறந்த சமன்பாடு எதை மாற்றினால் எது மாறும் என்று சொல்லாது. கிணற்றுக்குரியவன் கேட்பதோ அதனையே.

மில்லின் கூட்டுக் கோட்பாட்டுக்கு நெடுந்தீவு விடை கூறுகிறது. அத்தீவின் சாராப்பிட்டிப் பகுதி நன்னீருக்குப் பெயர் பெற்றது. அதே தீவில் உவர்நீர்க் கிணறுகளும் உள. இரண்டையும் சூழ்ந்திருப்பது ஒரே கடல். மாரி கழிந்த தை மாதத்தில் இனிக்கும் கிணறு ஆவணியில் உவர்க்கிறது. இடைக்காலத்தில் கடல் இடம்பெயரவில்லை. வேறுபாடின்றி நிற்கும் ஒன்று வேறுபாட்டை விளக்க மாட்டாது. உயர்தர வகுப்பு அளவையியலிற் கற்பிக்கப்படும் வேற்றுமை முறையின் உட்பொருள் இதுவே. அம்முறையை வகுத்துத் தந்தவரும் மில்தான். கடலின்றி உவர் இல்லை என்பது மெய். ஆனால் நிபந்தனை வேறு, காரணம் வேறு.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். எதனோடு எதனை ஒப்பிடுவது என்பது கேட்பவரின் நோக்கத்தைப் பொறுத்ததாயின், காரணமும் மனித விருப்பத்தின் படைப்பாகிவிடாதா? ஆகாது. வினாவை மனிதர் தெரிவு செய்கின்றனர். விடையைத் தெரிவு செய்வதில்லை. இக்கிணறு ஏன் அக்கிணறு போலன்று என்ற வினாவுக்கு மண்ணும் பாறையும் விடையாகலாம். இக்கிணறு ஏன் முன்போலன்று என்ற வினாவுக்கு இறைப்பும் மழையும் விடையாகலாம். ஒவ்வொரு விடையும் அளந்து சோதிக்கத்தக்கது, பொய்ப்பிக்கத்தக்கது. பட்டியலை எவராலும் பொய்ப்பிக்க இயலாது. அதன் குறையும் அதுவே.

மணிபல்லவம் நயினாதீவே என்பது அறிஞர் சிலரின் கருத்து. மணிபல்லவத்தைத் தன் கதைக்களங்களுள் ஒன்றாகக் கொண்ட மணிமேகலையின் இறுதிக் காதை பன்னிரு நிதானங்களைக் கூறுகிறது. அவை இலக்கமிட்ட காரணிகள் அல்ல. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் சங்கிலி. எக்கண்ணியை அறுத்தால் ஏனையவை அறும் என்பதைக் காட்டவே அது கூறப்பட்டது. மனிதர் கைவைத்து மாற்றத்தக்கதைக் காரணமெனக் கொள்ளும் வழக்கு ஒன்றுண்டு என 1940 இல் கொலிங்வுட் விளக்கியதை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

எக்கண்ணியை அறுப்பது என்பது வெறும் அளவையியல் வினா அன்று. கடலே காரணம் எனக் கொண்டால், கடல்நீரை நன்னீராக்குவதன்றி வேறு வழியில்லை. அதற்கான நிலையமொன்று 2024 இல் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் திறக்கப்பட்டது. அது குடிநீர் தரும். நிலத்தடி வில்லையை மீட்டுத் தராது. இறைப்பே காரணம் என்று நின்றுவிட்டால், பழி முழுவதும் இயந்திரம் பூட்டிய தோட்டக்காரன் தலையில் விழும். சங்கிலி அவனோடு முடிவதில்லை. பெய்த மழை நிலத்துள் இறங்காது கடலுக்கு ஓடுவதேன், அதனைத் தடுத்து நிறுத்திய குளங்களும் கேணிகளும் தூர்ந்ததேன் என்ற வினாக்கள் மேலும் எழுகின்றன. பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களில் குடாநாட்டுக்கென முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டம் கடலைக் குற்றஞ்சாட்டவில்லை. மழைநீர் எங்கே போகிறது என்றே கேட்டது. விளக்கம் என்பதற்கு அது தகுந்த முன்மாதிரி.

பல காரணிகள் உள என்ற வாக்கியம் அறிவின் அடக்கமாகத் தோற்றமளிக்கிறது. உண்மையில் அது பொறுப்பினின்றும் நழுவும் வழி. எல்லாமே காரணமாயின் எவரும் எதனையும் மாற்ற வேண்டுவதில்லை. ஐந்து காரணிகளை எழுதிய மாணவனுக்கு முழுப் புள்ளி வழங்குமுன், விரிவுரையாளர் ஆறாவது வினாவொன்றைக் கேட்கட்டும்: இவற்றுள் எது மாறியதால் இக்கிணறு மாறியது? அதற்கு விடை எழுதப்படும்போதே விஞ்ஞானம் தொடங்குகிறது.