மஸ்குக்கு மாலை போடலாமா?

சித்தையன்கோட்டை நெல் வயல்களுக்கு மேலே, பொழுது சாய்ந்த பிறகு, எப்போதாவது ஓர் அதிசயம் தெரியும். முத்துக் கோர்த்தது போல விளக்குகள் ஒரே வரிசையாக ஆகாயத்தில் ஊர்ந்து போகும்.

அவை நட்சத்திரங்கள் அல்ல. இன்டர்நெட் வசதிக்காக, எலான் மஸ்க் என்ற அமெரிக்க முதலாளியின் கம்பெனி பறக்க விட்ட செயற்கைக் கோள்கள்.

இந்த மஸ்கை ஒரு கூட்டம் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. இன்னொரு கூட்டம் ஏசுகிறது. அவருக்குக் கொடுத்த பட்டத்தைப் பறிக்க வேண்டும் என்று லண்டனில் பெரிய வாக்குவாதமே நடந்தது.

என்ன பட்டம்?

லண்டனில் "ராயல் சொசைட்டி" என்ற விஞ்ஞானச் சங்கம் இருக்கிறது. 1660-ம் ஆண்டு தொடங்கியது. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜம், 1918-ல் அதன் உறுப்பினர் ஆனார். சரியாக 100 ஆண்டு கழித்து, 2018-ல், அதே பெருமை மஸ்குக்குக் கிடைத்தது.

அதே 2018-ல்தான், தாய்லாந்து குகையில் சிக்கிய சிறுவர்களை மீட்க உதவிய ஒருவரை மஸ்க் கேவலமாக ஏசினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். 2025-ல் அமெரிக்க அரசாங்கத்தின் ஆட்குறைப்புக்கு முன்னால் நின்றார். விஞ்ஞான ஆராய்ச்சிக்கான பணமும் வெட்டுப்பட்டது.

மஸ்கை நீக்காததைக் கண்டித்து, பேராசிரியை டோரத்தி பிஷப் 2024 நவம்பரில் சங்கத்தை விட்டே விலகினார். 2025 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கானோர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மார்ச்சில் சங்கம் கூடிப் பேசியது. மஸ்க் நீக்கப்படவில்லை.

நீக்காதது சரிதான்.

பஸ்ஸும் ராக்கெட்டும்

சித்தையன்கோட்டையில் இருந்து திண்டுக்கல் போன பஸ்ஸை, போய்ச் சேர்ந்ததும் உடைத்துப் போட்டால் டிக்கெட் என்ன விலை விற்கும்? ஒரு நடைக்கு ஒரு பஸ்! ராக்கெட்டுகள் அப்படித்தான் பறந்தன. ஒரு தடவை போனால் கடலில் விழுந்து பாழ். (நாசாவின் ஷட்டில் ஓடம் திரும்பி வந்தது உண்மை. ஆனால் அதை மறுபடி தயார் செய்யவே பெருஞ்செலவு.)

மஸ்கின் "ஸ்பேஸ் எக்ஸ்" கம்பெனி 2002-ல் தொடங்கியது. முதல் 3 ராக்கெட்டுகளும் தோல்வி. 4-வது ராக்கெட்டு, 2008 செப்டம்பர் 28-ந் தேதி, பூமியைச் சுற்றும் பாதையை எட்டியது. 2015 டிசம்பரில் ராக்கெட்டின் அடிப்பாகம் திரும்பி வந்து, நட்டு வைத்த கம்பம் போலத் தரையில் நின்றது! 2017-ல், அப்படித் திரும்பி வந்த ஒன்றே மறுபடி பறந்தது.

இன்னொன்றும் உண்டு. விண்வெளி வீரர்களை ஏற்றிச் செல்ல, 2014-ல் நாசா 2 கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்தது. பழம் பெருமை வாய்ந்த போயிங்குக்கு 420 கோடி டாலர். ஸ்பேஸ் எக்சுக்கு 260 கோடி டாலர்தான். நடந்தது என்ன? போயிங் ஓடத்தில் ஒரு வாரப் பயணம் என்று 2024 ஜூனில் போன சுனிதா வில்லியம்ஸ், 9 மாதத்துக்கு மேல் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. 2025 மார்ச்சில் அவரைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்தது ஸ்பேஸ் எக்ஸ் ஓடம். அதே ஆண்டு ஜூன் 25-ந் தேதி இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா போனதும் அந்தக் கம்பெனி ராக்கெட்டில்தான். 4,700 கிலோ எடையுள்ள இந்தியச் செயற்கைக் கோள் ஒன்றை 2024 நவம்பரில் ஏற்றிச் சென்றதும் அதுவே.

ஆள் பிடிக்கவில்லை என்பதற்காக இதையெல்லாம் அழித்து விட்டால், நாளைய பாடப் புத்தகத்தில் பொய் ஏறும். சித்தையன்கோட்டைப் பிள்ளைகள் அந்தப் பொய்யைப் படித்துப் பரீட்சை எழுத வேண்டி வரும்.

ஒருவர் கழுத்தில் மட்டுமா?

ஆனால், எல்லாம் மஸ்க் ஒருவர் செய்த காரியம் என்று எழுதினால் அதுவும் பொய்தான்.

2008 கடைசியில் கம்பெனி பணம் இல்லாமல் தவித்தது. கைகொடுத்தது, நாசா போட்ட 160 கோடி டாலர் ஒப்பந்தம். அது அமெரிக்க ஜனங்களின் வரிப் பணம்! என்ஜினை உருவாக்கியதில் முதல் கை, டாம் முல்லர் என்ற என்ஜினீயருடையது. கம்பெனியின் அன்றாட நிர்வாகத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்தவர் குவின் ஷாட்வெல் என்ற பெண்மணி.

அடிபட்ட தொழிலாளர்களும் உண்டு. ராய்ட்டர் செய்தி நிறுவனம் 2023-ல் விசாரித்தபோது, அதுவரை வெளியே வராத 600 காயங்கள் தெரிய வந்தன. மஸ்கின் நடத்தையைக் கண்டித்து 2022-ல் கடிதம் எழுதிய ஊழியர்கள் சிலர் வேலை இழந்தார்கள். கெட்டிக்கார முதலாளி என்றால் இவற்றைக் கேட்கக்கூடாதா?

பட்டம், செய்த வேலைக்குக் கொடுத்தது. நல்ல நடத்தைக்கான சர்ட்டிபிகேட் அல்ல. அதைக் காட்டி யாரும் கேள்விக்குத் தப்ப முடியாது.

இந்த வழக்கு தமிழ்நாட்டுக்கும் வரும். சென்னையில் உருவான "அக்னிகுல்" என்ற தனியார் கம்பெனி, 2024 மே 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டு விட்டுப் பார்த்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ராக்கெட்டுத் தளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்காக எடுத்த நிலம் 2,000 ஏக்கருக்கு மேல். அங்கிருந்து தனியார் ராக்கெட்டு கிளம்பும் நாளில், முதலாளி பெயரைக் கல்லில் பொறிக்கட்டும். நிலம் கொடுத்தவர்களுக்கும் வேலை செய்தவர்களுக்கும் அதே கல்லில் இடம் வைக்க வேண்டும்.