கலப்பில் யாருக்கு எத்தனை பங்கு?

அத்திப்பட்டு புதுநகர் ரயில் நிலையத்துக்கு வெளியே டீக்கடை. இரவு ஷிப்ட் முடிந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், நாம் கொடுத்த நோட்டீஸைப் படித்துவிட்டுக் கேட்டார்: "பொதுத்துறையைக் காப்போம்னு போட்டிருக்கீங்க அண்ணே. அதுல எனக்கு என்ன இருக்கு? நான் சாம்பல் அள்றவன். கூலி குடுக்கறவன் காண்ட்ராக்டர். சர்க்கார் கம்பெனியா இருந்தா என்ன, முதலாளி கம்பெனியா இருந்தா என்ன?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால், சோஷலிசத்தைப் பற்றி எழுதும் பேனாவை மூடி வைத்துவிடலாம்.

பண்டிதர்களிடம் சுலபமான பதில் ஒன்று இருக்கிறது. முதலாளித்துவத்திலும் நல்லது உண்டு, சோஷலிசத்திலும் நல்லது உண்டு. இரண்டையும் கலந்தால் கலப்புப் பொருளாதாரம், அதுவே நடுவழி என்கிறார்கள். பாலும் தண்ணீரும் கலந்தால் யாருக்கு லாபம் என்று எந்த வீட்டுப் பெண்ணையும் கேளுங்கள். பால்காரனுக்கு என்பாள். ஆகவே, கலக்கிற கை யாருடையது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

அதற்குப் பெரிய புத்தகங்கள் வேண்டாம். நம் ஊருக்கு வரும் ஒரு நிலக்கரித் துண்டின் பின்னால் நடந்து போனாலே போதும்.

ஒடிசாவின் தால்சேரில் அந்தக் கரியைத் தோண்டுவது கோல் இந்தியாவின் சுரங்கம். அது சர்க்கார் சொத்து. பாரதீப் துறைமுகத்துக்குக் கொண்டு போகும் ரயிலும் சர்க்காருடையது. மின் வாரியத்துக்காகக் கடல் வழியே கரி கொண்டு வரவென்றே பூம்புகார் கப்பல் கழகத்தைத் தமிழக அரசு 1974-ல் அமைத்தது. கரி வந்து இறங்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகம் 2001-ல் பொதுப் பணத்தில் திறக்கப்பட்டது. அங்கிருந்து கன்வேயரில் வந்து வட சென்னை அனல் மின் நிலையத்தின் கொதிகலனில் விழுகிறது. 1994 முதல் 1996 வரை மூன்று 210 மெகாவாட் யூனிட்டுகள், பிறகு இரண்டு 600 மெகாவாட் யூனிட்டுகள், 2024 மார்ச்சில் 800 மெகாவாட் யூனிட் ஒன்று. பக்கத்திலேயே வல்லூரில் மத்திய அரசின் என்.டி.பி.சி.யும் நமது மின் வாரியமும் சரிபாதியாகச் சேர்ந்து கட்டிய 1500 மெகாவாட். ஆகமொத்தம் நாலாயிரம் மெகாவாட்டுக்கு மேல், இந்த உப்பளத்து மண்ணில்.

இதுவரை வழி நெடுக மக்கள் சொத்து. ஆனால் அந்த மின்சாரம் கம்பியில் ஏறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போய், அங்கே இரும்பு உருக்கும் உலையில் நெருப்பாகிற இடத்தில் என்ன நடக்கிறது? உலை தனியாருடையது. உலையின் முன்னால் நிற்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த உழைப்பாளிகள். கரி வந்த அதே ஒடிசாவிலிருந்து ஆளும் வருகிறான். லாபம் மட்டும் அந்தத் திசைக்குத் திரும்பிப் போவதில்லை.

தோண்டுவது, சுமப்பது, துறைமுகம் கட்டுவது எல்லாம் பொதுச் செலவு. விளைந்த லாபம் தனிச் சொத்து. கலப்புப் பொருளாதாரத்தின் கணக்கு இதுதான்.

இது தற்செயலாக நேர்ந்ததா? 1944-ல் டாட்டா, பிர்லா முதலிய பெருமுதலாளிகள் கூடிப் போட்ட "பம்பாய்த் திட்டம்" நாட்டின் முதலாளி வர்க்கம் என்ன கேட்டது என்பதற்குச் சாட்சி. பதினைந்து வருஷத்தில் பத்தாயிரம் கோடி ரூபாய் முதலீடு வேண்டும், அதில் அரசு பெரும் பங்கு எடுக்க வேண்டும் என்றார்கள். உருக்காலையும் மின் நிலையமும் போட்ட பணத்தைப் பத்து வருஷம் கழித்துத் திருப்பித் தருகிற தொழில்கள். அவ்வளவு காலம் காத்திருக்க அவர்களுக்குப் பணமும் இல்லை, மனமும் இல்லை. வரிப்பணத்தில் அஸ்திவாரம் போடுங்கள், மாடி வீட்டை நாங்கள் கட்டிக்கொள்கிறோம் என்பதே அதன் சாரம்.

பிறகு 1955 ஜனவரியில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, "சோஷலிச மாதிரியான சமுதாயம்" என்று தீர்மானம் போட்டது. மறு வருஷம் வந்த தொழில் கொள்கை, நிலக்கரியும் மின்சாரமும் உள்பட 17 தொழில்களை அரசின் பொறுப்பாக்கியது. நமது இயக்கத்திலேயே இதைப் பற்றிக் கடும் வாதம் நடந்தது. 1964-ல் இயக்கம் பிளவுபட்டதற்கு, இந்த சர்க்கார் எந்த வர்க்கத்தின் சர்க்கார் என்ற கேள்வியும் ஒரு காரணம். அந்தப் புண்ணை இங்கே கிளற வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வி செத்துப் போகவில்லை. டீக்கடையில் அந்தத் தோழர் கேட்டது அதே கேள்விதான்.

அரசுடைமையே சோஷலிசம் என்று நினைத்தவர்களுக்கு அனுபவம் பாடம் சொல்லியிருக்கிறது. பிரிட்டனில் தொழிற்கட்சி சர்க்கார் 1947 ஜனவரி முதல் தேதி சுரங்கங்களைத் தேசவுடைமையாக்கியது. 1984-85-ல் சுரங்கத் தொழிலாளர்களின் ஒரு வருஷ வேலைநிறுத்தத்தைத் தாட்சரின் சர்க்கார் நசுக்கியது. 1994-ல் மிஞ்சிய சுரங்கங்களும் விற்கப்பட்டன. இங்கே 1973 மே தினத்தன்று நிலக்கரி தேசவுடைமையாயிற்று. கம்யூனிஸ்டாக வளர்ந்து காங்கிரஸ் மந்திரியான மோகன் குமாரமங்கலம் அதை முன்னின்று நடத்தினார். 1975 முதல் நாடு தழுவிய சம்பள ஒப்பந்தம் வந்தது. அது பெரிய வெற்றி. அதே 1975 டிசம்பரில் சாஸ்நாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தச் சுரங்கமும் அப்போது அரசின் நிர்வாகத்தில் இருந்ததுதான்.

நம் கொசஸ்தலை ஆற்றைப் பாருங்கள். அனல் மின் நிலையத்தின் சாம்பல் கழிமுகத்தில் படிந்து, காட்டுக்குப்பத்து மீனவர்களின் வலையில் மீனுக்குப் பதில் சேறு வருகிறது. அது தனியார் சாம்பல் அல்ல, நமது வாரியத்தின் சாம்பல். இதை மூடி மறைத்துக்கொண்டு பொதுத்துறைக்குக் கொடி பிடிப்பது நமக்கு அழகல்ல.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? இல்லை.

வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். 1957 ஜூலையில் மின் வாரியம் அமைந்தபின் கம்பி கிராமத்துக்குள் போனது. நாலு குடிசை உள்ள சேரிக்குக் கம்பம் நட்டால் லாபம் கிடையாது. லாபம் பார்க்கும் கம்பெனி அதை நடாது. 1990-களில் தனியாரை மின் உற்பத்திக்கு அழைத்தபோது, போட்ட முதலுக்கு 16 சதவீத லாபம் உறுதி என்று டில்லி வாக்குக் கொடுத்தது. மகாராஷ்டிரத்தில் என்ரான் கம்பெனி எழுப்பிய தாபோல் நிலையத்தின் மின்சாரத்தை விலை தாங்காமல் அந்த மாநில வாரியமே வாங்க முடியாமல் போய், 2001-ல் நிலையம் நின்றது. விவசாயிக்கு 1990 முதல் நம் மாநிலத்தில் இலவச மின்சாரம் என்றால், அது வாரியம் அரசின் கையில் இருப்பதால்தான். (பம்பு செட் வைத்த மிராசுதாருக்கும் அது இலவசம், கிணறே இல்லாத கூலியாளுக்கு அதில் நேரான பங்கு இல்லை. நில உச்சவரம்பு 1961-ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970-ல் 15 ஏக்கர் என்று சட்டம் வந்தும், பினாமிக் கணக்கில் நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. கலப்புப் பொருளாதாரம் வரப்பைத் தாண்டவே இல்லை.)

இன்னொன்று, பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து விவசாயத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. பொதுத்துறையின் நிரந்தர வேலையில் தாழ்த்தப்பட்டோருக்கு இட ஒதுக்கீடு உண்டு. தனியாரிடம் அது கிடையாது. ஒரு நிரந்தர இடம் காண்ட்ராக்ட் ஆகும்போது சம்பளம் மட்டும் குறையவில்லை; அந்த இட ஒதுக்கீடும் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. பொதுத்துறைக் கணக்கை சட்டசபையில் கேட்கலாம். 2005-ம் வருஷத்துத் தகவல் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம். முதலாளியின் கணக்குப் புத்தகத்தை யாரிடம் போய்க் கேட்பது?

இதனால்தான் அதை விற்கிறார்கள். 1991-ல் அந்த 17 தொழில்கள் எட்டாகக் குறைந்தன; மின்சாரம் முதலிலேயே போயிற்று. 2018-ல் காட்டுப்பள்ளித் துறைமுகம் அதானி கைக்கு வந்தது. 2020-ல் நிலக்கரியை வெட்டி விற்கத் தனியாருக்கு வழி திறந்தார்கள். அதே வருஷம் காமராஜர் துறைமுகத்தில் மத்திய அரசுக்கு இருந்த பங்கை சென்னைத் துறைமுகத்தின் தலையில் கட்டி 2,383 கோடி ரூபாயை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பொதுச் சொத்தை இன்னொரு பொதுச் சொத்தின் பணத்தால் வாங்க வைத்த வித்தை இது. "சோஷலிச மாதிரி" என்று முழங்கிய ஆவடியில், டாங்கி செய்யும் சர்க்கார் தொழிற்சாலையை 2021-ல் கம்பெனியாக மாற்றிவிட்டார்கள்.

வெளியே விற்பது ஒரு வழி. உள்ளேயே விற்பது இன்னொரு வழி. அதற்குப் பெயர்தான் காண்ட்ராக்ட். நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் ஒப்பந்தமுறையை ஒழிக்கலாம் என்று 1970-ல் சட்டம் வந்தது. ஒழிக்கப்பட்ட இடத்தில் தொழிலாளியை நிர்வாகமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1996-ல் சொல்லி, 2001-ல் அப்படித் தானாக எடுக்க வேண்டியதில்லை என்று மாற்றிச் சொன்னது. சாம்பல் அள்ளுவது தற்காலிக வேலையா? கொதிகலன் எரியும் நாள் வரை சாம்பல் உண்டு. இதைப் புரிந்துகொள்ள கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை.

ஆகவே நம் கோரிக்கை "விற்காதே" என்பதோடு நிற்காது. விற்காதே, உள்ளே காண்ட்ராக்ட் வைக்காதே, சாம்பலை ஆற்றில் விடாதே, நிர்வாகத்தில் தொழிலாளியின் பிரதிநிதிக்கும் கரையில் வாழும் மீனவருக்கும் குரல் கொடு. இந்த நாலையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் பொதுத்துறை என்ற சொல்லில் "பொது" இருக்கும். முதல் கோரிக்கையை மட்டும் கேட்டால் நிரந்தரத் தொழிலாளி வருவார், ஒப்பந்தத் தொழிலாளி டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அதில் அவர் தவறு ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் அந்தத் தோழரிடம் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. பி.எப். பிடித்தம் எவ்வளவு என்று கேட்டோம். பிடிக்கிறார்கள், ரசீது பார்த்ததில்லை என்றார். அடுத்த சம்பள நாளன்று சம்பளச் சீட்டோடு வாருங்கள், உங்கள் கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றோம். "இருவது பேர் இருப்போம் அண்ணே, கூட்டிட்டு வர்றேன்" என்று நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீஞ்சூர் பக்கம் போகும் ரயிலைப் பிடிக்க ஓடினார்.