பைக் கழுவ எதை வாங்குவது?

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே காட்சிதான். வாசலில் பைக், பக்கத்தில் வாளி, வாளிக்குள் கைக்கு அகப்பட்ட ஏதோ ஒன்று. துணி துவைக்கிற பவுடர், பாத்திரம் தேய்க்கிற ஜெல், தலைக்குப் போடுகிற ஷாம்பூ பாக்கெட்... நுரை வந்தால் சரி! கையில் கொஞ்சம் காசு புரள்கிறவர்கள் பாட்டிலில் பைக் படம் போட்ட ஷாம்பூ வாங்குவார்கள். எது உசத்தி என்று இரண்டு கோஷ்டிக்கும் காலேஜ் ஸ்டாண்டில் சண்டை வேறு.

சண்டை தப்பான இடத்தில் நடக்கிறது. பெயின்ட் மேல் எதைப் போட்டால் பளபளக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள், பிரேக்கிலும் டயரிலும் எது படக்கூடாது என்று கேட்பதே இல்லை. பெயின்ட் மங்கினால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். பிரேக் பிடிக்காவிட்டால்?

பெயின்ட் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். துணி பவுடரில் சலவை சோடா இருக்கிறது, அது காரம். பூச்சு இல்லாத அலுமினியத்துக்குக் காரம் ஆகாது, மங்கிப் போகும். பாத்திர ஜெல் அவ்வளவு மோசமில்லை, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதுதான் அதன் வேலை, பெயின்ட் மேல் போட்ட மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். சோப்புக் கட்டி போர் தண்ணீரில் நுரைக்காது, வெள்ளை வெள்ளையாகத் திப்பி படியும். வீட்டில் கார் ஷாம்பூ இருந்தால் அதுவே போதும், பைக்குக்கென்று தனி பாட்டில் தேவையில்லை. மேட் பெயின்ட் வைத்திருப்பவர்கள் மட்டும் பாலிஷ், மெழுகு பக்கமே போகக்கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்து, திட்டுத் திட்டாக நிற்கும்.

ஷாம்பூவைவிடத் துணிதான் முக்கியம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பெயின்டில் விழும் மெல்லிய வட்டக் கீறல்களுக்குக் காரணம் மண். மணல் துகள் பெயின்டைவிடக் கடினமானது. காய்ந்த மண்ணோடு பனியன் வேஸ்ட்டை வைத்துத் தேய்த்தால் எவ்வளவு விலை உயர்ந்த ஷாம்பூவும் காப்பாற்றாது. முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி மண்ணைக் கரைத்துவிட வேண்டும். சக்கரம் துடைத்த துணி டேங்க் பக்கம் வரக்கூடாது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

செயினுக்குப் பெட்ரோல் போட்டுக் கழுவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டேங்க்கிலிருந்து டியூபைக் கழற்றினால் இலவசம் என்ற கணக்கு. பெட்ரோல் ஆவி நம்ம ஊர் வெயிலில் பற்ற ஒரு பொறி போதும். தவிர, இப்போது நிறைய பைக்குகளில் ஓ-ரிங் செயின். கண்ணிகளுக்கு நடுவே குட்டிக் குட்டி ரப்பர் வளையங்கள் உள்ளே இருக்கும் கிரீஸைக் காக்கின்றன. பெட்ரோல் அந்த ரப்பரைக் கெடுக்கும், கம்பி பிரஷ் கிழிக்கும். இஞ்சின் ஆறிய பிறகு மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும், இல்லையென்றால் செயினுக்கென்றே விற்கிற கிளீனர். துடைத்துக் காயவைத்து, 90 நம்பர் கியர் ஆயிலோ செயின் லூபோ விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் அது தெறித்து எங்கே போகும்? பின் டயருக்கு.

அடுத்தது வாட்டர் சர்வீஸ். பல இடங்களில் கழுவி முடித்ததும் டீசலையோ ஆயில் கலந்த டீசலையோ இஞ்சின், சைலென்சர், சக்கரம் என்று பாரபட்சமில்லாமல் அடிக்கிறார்கள். வண்டி புதுசு மாதிரி மின்னும். வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தப் பிசுக்கில் ரோட்டுப் புழுதி எல்லாம் ஒட்டியிருக்கும் என்பது சின்ன விஷயம். டிஸ்க்கில் பட்ட டீசல் பேடுக்குப் போகிறது. பேடில் நுண்ணிய துளைகள் உண்டு, எண்ணெயைக் குடித்துவிடும். முதல் சிக்னலில் லீவரை அழுத்தும்போதுதான் சங்கதி தெரியும்.

டபிள்யூடி-40 கதையும் இதேதான். 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் தண்ணீரை விரட்டவும் துருவைத் தடுக்கவும் உருவாக்கிய திரவம் அது. 40ஆவது முயற்சியில் சரியாக வந்ததால் பெயரிலேயே 40. துருப்பிடித்த நட்டுக்கு அருமையான சாமான். ஆனால் டிஸ்க் கீச்சிடுகிறது என்று அதில் அடிக்கிற புத்திசாலிகள் உண்டு. சத்தம் நின்றுவிடும். பிரேக்கும் நின்றுவிடும் :-)

"ஏபிஎஸ் இருக்கே மச்சி" என்று பதில் வரும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு அது கட்டாயம்தான். ஆனால் அது செய்வது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் அப்படியே நின்று வழுக்காமல் பார்த்துக்கொள்வது. பேடே டிஸ்க்கைப் பிடிக்காதபோது அதற்கு என்ன வேலை?

டயர் பாலிஷும் அதே ரகம். காரில் டயரின் பக்கவாட்டில் பூசுவார்கள், கார் சாய்வதில்லை. பைக் வளைவில் சாயும்போது டயரின் ஓரம் வரை ரோட்டைத் தொடும். அங்கே போய் எண்ணெய்ப் பசையைத் தடவுவது தற்கொலைக்குச் சமம். தேங்காய் எண்ணெய் தடவுகிற ஆட்களும் கறுப்பு பிளாஸ்டிக்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டிஸ்க்கில் ஏதாவது பட்டுவிட்டால் பிரேக் கிளீனரோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ சுத்தமான துணியில் நனைத்துத் துடைக்கலாம். பேடில் ஊறிவிட்டால் மாற்றுவதுதான் வழி. வெறும் தண்ணீரில் கழுவினால்கூட முதல் நூறு மீட்டர் மெதுவாகப் போய் நாலு முறை பிரேக் பிடித்துப் பார்ப்பது நல்லது. வாட்டர் சர்வீஸில் வண்டியை ஏற்றும்போதே "டீசல் அடிக்காதீங்கண்ணா" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடாமல் பக்கத்திலேயே நிற்கவும் வேண்டும்.