சில்லர் வாங்குமுன் குழாயைத் திறந்து பாருங்கள்

சிங்கப்பூரில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்கள் விலை உயர்ந்த தகட்டுச் சில்லர் வாங்குவது வீண்செலவு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். காரணங்களைக் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

முதலில், முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இது திருட்டுச் சாராயம் இல்லை. 18 வயது நிரம்பியவர்கள், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம் என்று சட்டமே சொல்கிறது. விற்கக்கூடாது. சாராயம் வடிப்பது வேறு விஷயம், அதற்கு இடமில்லை. யாரையும் குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. என் அண்ணன் மகன் இதில் இறங்கியிருக்கிறான். அவன் கையிலிருக்கும் விலைப்பட்டியலைப் பார்த்த எரிச்சலில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மால்ட் தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து, இறுத்த இனிப்புத் தண்ணீரில் ஹாப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். இதற்கு வோர்ட் என்று பெயர். இதை 20 டிகிரி வாக்கில் ஆற்றித்தான் ஈஸ்ட் சேர்க்க வேண்டும். பால் காய்ச்சி உறை ஊற்றத் தெரிந்த எந்தப் பெண்மணிக்கும் இதை விளக்க வேண்டாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உறை செத்துவிடும். திறந்துபோட்டு வெதுவெதுப்பாக வைத்திருந்தால் வேண்டாத கிருமி முந்திக்கொள்ளும். அதனால்தான் வேகமாக ஆற்ற வேண்டும் என்கிறார்கள்.

ஆற்றுவதற்குக் கடையில் மூன்று வகைக் கருவி. தாமிரக் குழாயைச் சுருளாக வளைத்துப் பானைக்குள் இறக்கி, உள்ளே குழாய்த் தண்ணீரை ஓடவிடுவது ஒன்று. குழாய்க்குள் குழாய் வைத்து, வோர்ட் ஒரு திசையிலும் தண்ணீர் எதிர்த் திசையிலும் ஓடுவது இரண்டாவது. மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி ஒட்டிய தகட்டுச் சில்லர் மூன்றாவது. விலையும் அந்த வரிசையில்தான் ஏறுகிறது. "ஐந்தே நிமிடத்தில் ஆறிவிடும்" என்ற வாசகமும் கூடவே வருகிறது.

ஐந்து நிமிடத்தில் ஆறும், குளிர்நாட்டில். அங்கே பனிக்காலத்தில் குழாயைத் திறந்தால் 10 டிகிரித் தண்ணீர் வரும். நம் வீவக வீட்டுக் குழாயில் வருவது 28, 29 டிகிரி. எந்தச் சில்லரும், பொன்னால் செய்திருந்தாலும், உள்ளே வரும் தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக வோர்ட்டை வெளியே அனுப்பாது. 30 ஆண்டுகளுக்கு மேல் கப்பல் பட்டறையில் எஞ்சின் கூலர்களைக் கழற்றி மாட்டியவன் நான். கப்பல் கூலர்களை வடிவமைக்கும்போது கடல்நீர் 32 டிகிரி இருக்கும் என்று வைத்துத்தான் வழக்கமாகக் கணக்குப் போடுவார்கள். கப்பல் நம் கடலுக்கும் வரும் என்று கப்பல்காரனுக்குத் தெரியும். சில்லர் விற்பவனுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை.

இன்னொரு விற்பனைப் பேச்சு: "தாமிரம் எஃகைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும்." உண்மைதான். ஆனால் குழாய்ச் சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வெப்பம் அங்கே தயங்குவதில்லை. சுருளை ஒட்டி அசையாமல் நிற்கும் வோர்ட்டில்தான் தயங்குகிறது. சுருளை மெல்ல அசைத்துக் கொடுங்கள், அல்லது சுத்தமான கரண்டியால் கிளறுங்கள். உலோகத்தை மாற்றுவதைவிட அதில் லாபம் அதிகம். கிளறுவதற்குக் காசு இல்லை.

இப்போது கணக்கு. 20 லிட்டர் வோர்ட்டை 100 டிகிரியிலிருந்து 40க்குக் கொண்டுவர, ஓடும் தண்ணீர் லிட்டருக்குச் சராசரி 25 டிகிரி சூடேறினால், ஏறக்குறைய 50 லிட்டர் போதும். அடுத்து 40லிருந்து 32க்கு வர? தண்ணீருக்கும் வோர்ட்டுக்கும் வித்தியாசமே சில டிகிரிதான். லிட்டருக்கு 3 டிகிரி சூட்டை எடுத்தாலே பெரிய காரியம். அதற்கும் 50 லிட்டருக்கு மேல் போகும். முதல் 60 டிகிரிக்கு ஆன தண்ணீர், கடைசி 8 டிகிரிக்கும் ஆகிறது! அப்படியும் 20 டிகிரி எட்டாது.

1963இல் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது கம்பத்துக் குழாயடியில் வாளியோடு நின்ற தலைமுறை நாம். ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்கி, கழிவுநீரையும் சுத்திகரித்து, கடல்நீரையும் குடிநீராக்கும் ஊர் இது. இங்கே ஒரு பானை பியருக்காக நூறு லிட்டரைச் சாக்கடையில் விடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

தகட்டுச் சில்லர் தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும் என்று சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் தகடுகளுக்கிடையே ஹாப்ஸ் துகள் மாட்டினால் திறந்து பார்க்க வழியில்லை. கழுவினோமா இல்லையா என்பதே தெரியாத பாத்திரத்தில் அடுத்த முறையும் வோர்ட்டை விடுவீர்களா? சுருளென்றால் கண்ணால் பார்த்துத் தேய்க்கலாம். கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போது பானைக்குள் இறக்கிவிட்டால் கிருமி நீக்கமும் முடிந்தது.

சரி, என்னதான் செய்வது? 10 மில்லிமீட்டர் கனத்தில் 8 மீட்டர் நீளச் சாதாரணச் சுருள் ஒன்று போதும். 40 டிகிரி வரை குழாய்த் தண்ணீர். முதலில் வரும் கொதிசூட்டுத் தண்ணீரைப் பாத்திரம் கழுவப் பிடியுங்கள், மீதியைத் துணி துவைக்கவும் தரை துடைக்கவும் வையுங்கள். 40 வந்ததும் குழாயை மூடிவிட்டு, வாளியில் கொஞ்சம் தண்ணீரும் ஐஸும் போட்டு, மீன்தொட்டிக்குப் போடும் சின்ன பம்பால் அதையே சுற்றிச் சுற்றி ஓடவிடுங்கள். 40லிருந்து 20க்கு இறக்க 4 முதல் 5 கிலோ ஐஸ் ஆகும். தொடக்கத்திலிருந்தே ஐஸ் போட்டால் 17 கிலோ கரையும். ஐஸைக் கடைசிக்கு வைப்பதில்தான் சூட்சுமம்.

ஆஸ்திரேலியாவில் பலர் சில்லரே வைத்துக்கொள்வதில்லை. கொதிநீர் தாங்கும், உணவுக்கு உகந்த கெட்டிப் பிளாஸ்டிக் கேனில் சுடச்சுட ஊற்றி, இறுக மூடி, ராத்திரி முழுக்கத் தானாக ஆறவிடுகிறார்கள். அந்தச் சூடே கேனைச் சுத்தம் செய்துவிடுகிறது. ஹாப்ஸின் கசப்பு கொஞ்சம் ஏறும், அதற்கேற்ப ஹாப்ஸைத் தாமதமாகப் போட வேண்டும். ஒரு எச்சரிக்கை: மறுநாளே ஈஸ்ட் சேர்த்துவிட வேண்டும். காற்றில்லாத கேனில் வாரக்கணக்கில் வைத்தால் விஷக்கிருமி வளர இடமுண்டு. நார்வே கிராமங்களின் குவைக் என்ற ஈஸ்ட்டோ 30 டிகிரிக்கு மேலும் நன்றாகவே வேலை செய்யும். அது இருந்தால் நம் குழாய்த் தண்ணீரே போதும்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானும் சூடு கிளப்பும். ஐந்து நிமிடத்தில் 20க்கு ஆற்றிய வோர்ட்டை 30 டிகிரிச் சமையலறை மூலையில் ஒரு வாரம் வைத்தால், ஆற்றியது எதற்கு? சாதாரண ஏல் ஈஸ்ட் அந்தச் சூட்டில் முரட்டு நெடிதான் தரும். சில்லருக்கு வைத்திருக்கும் வெள்ளியில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றும், அதற்கு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும் வாங்குங்கள். கடைசிச் சில டிகிரியை அது இரவோடு இரவாக இறக்கிவிடும், அந்த வாரம் முழுவதும் காவலும் இருக்கும். ஒரு மணி நேர வேலைக்குக் கருவி வாங்குகிறவன் ஒரு வார வேலையை மறந்துவிடுகிறான்.

வெளிநாட்டுப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் அந்த நாட்டுக் குழாய்க்கு எழுதியது. பிள்ளைகள் பணத்தை எடுக்குமுன் ஒரு தெர்மாமீட்டரைக் கையில் கொடுத்து, நம் வீட்டுக் குழாயை அளந்துவிட்டு வரச் சொல்லுங்கள். வாங்க வேண்டியது சில்லரா ஃபிரிட்ஜா என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.