உரிமைக்குக் காவலே உரிய அஞ்சலி

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவரும், 1987 முதல் பிரதிநிதிகள் சபையில் ஜார்ஜியாவின் குரலாக விளங்கியவருமான ஜான் லூயிஸ் 2020 ஜூலை 17 அன்று மறைந்தபோது, இரு பெரும் கட்சிகளின் தலைவர்களும் அவருக்குப் புகழாரம் சூட்டினர். ஆனால் எந்த வாக்குரிமைக்காக அவர் இரத்தம் சிந்தினாரோ, அதன் காவல் இன்று தளர்ந்து கிடக்கிறது. அதை மீட்காத வரை எந்தப் புகழுரையும் நிறைவு பெறாது.

நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் 1870லேயே விதித்திருந்தும், தென்மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு, வாக்களிப்பதற்கான தலைவரி போன்ற தடைகளால் அதைச் செல்லாக் காசாக்கின. அலபாமாவின் செல்மா நகரை உள்ளடக்கிய டல்லஸ் மாவட்டத்தில் மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவராக இருந்தும், அவர்களுள் வாக்காளராகப் பதிவு பெற்றோர் மிகச் சிலரே. இதை எதிர்த்து 1965 மார்ச் 7 அன்று எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்த சுமார் 600 பேர் மீது காவல்துறையினர் நடத்திய தடியடியில், 25 வயது லூயிஸின் மண்டையோட்டில் முறிவு ஏற்பட்டது. தொலைக்காட்சியில் அதைக் கண்டு நாடு கொதித்தெழுந்ததன் விளைவாக, அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார்.

அச்சட்டத்தின் உயிர்நாடி 'முன் அனுமதி' என்னும் ஏற்பாடு. அதாவது, பாகுபாட்டு வரலாறு கொண்ட பகுதிகள் தேர்தல் விதி எதை மாற்ற விரும்பினாலும், அதனால் சிறுபான்மையினருக்குப் பாதிப்பில்லை என்று மத்திய அரசிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர் வழக்காடி வெல்வதற்குள் தேர்தலே முடிந்துவிடும் என்பதால்தான் அந்தப் பொறுப்பு அரசுகளின் மீது சுமத்தப்பட்டது.

நிலைமை மாறிவிட்டது, பகுதிகளைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் பழையது என்று கூறி, 2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 5–4 என்ற பெரும்பான்மையில் அந்த அளவுகோலைச் செல்லாததாக்கியதால், முன் அனுமதி ஏற்பாடு செயலிழந்தது. 2006இல் செனட் 98–0 என ஒருமனதாகப் புதுப்பித்த ஏற்பாடு அது. தீர்ப்பு வந்த அன்றே டெக்ஸாஸ், தன் கடுமையான வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தது. வட கரோலினா அதே ஆண்டு இயற்றிய தேர்தல் சட்டத்தை, அது கறுப்பின வாக்காளர்களைக் குறிவைத்தது என்று கூறி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் ரத்து செய்தது. அதற்குள் 2014ஆம் ஆண்டுத் தேர்தல் அச்சட்டத்தின் பல பிரிவுகளின் கீழ் நடந்து முடிந்திருந்தது.

அளவுகோல் பழையது என்றால் புதியதை வகுப்பதே முறை. அண்மைக்கால மீறல்களை அடிப்படையாகக் கொண்டு அதை வகுக்கும் மசோதா, லூயிஸின் பெயரையே தாங்கி 2021 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும், விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்லத் தேவையான 60 உறுப்பினர்களின் ஆதரவு செனட்டில் கிடைக்காமல் முடங்கியது. லூயிஸைப் போற்றும் ஒவ்வொரு உறுப்பினரும் அம்மசோதாவுக்கு ஆதரவாக வாக்களிக்கக் கடமைப்பட்டவர் என்பதில் ஐயமில்லை.