வாசல் பார்த்தோம், பத்திரம் பார்த்தோமா?

தோட்டப்புறத்திலே வாழ்ந்த நம்மவர் நெடுங்காலம் ஒரு மயக்கத்திலே இருந்தனர். வீடு கம்பெனியுடையது, விளக்கு கம்பெனியுடையது, குழாய்த் தண்ணீரும் கம்பெனியுடையது. ஆதலால் தமக்கு ஒரு குறையுமில்லை என்பதே அம்மயக்கம். வேலையுள்ளவரைதான் வீடு என்னும் உண்மை, வேலை போன பின்னரே பலருக்கு விளங்கிற்று. 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, பால்மரம் வெட்டிக் கை காய்த்துப் போன குடும்பங்கள் லயத்தை விட்டு மூட்டையுடன் வெளியேறின. பிற்காலத்தில் தோட்டங்கள் நகரங்களாக மாறியபோதும் அதே கதைதான். மூன்று தலைமுறை குடியிருந்தவனுக்கு ஓரடி நிலமும் சொந்தமில்லை!

முதலாளியைக் குறை கூறத்தான் வேண்டும். ஆனால் அத்துடன் நம் கடமை தீர்ந்ததா? "நாம் ஏழைகள், வீடு வாங்க வழியேது?" என்பார்க்கு ஒன்று கூறுவோம். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்து வெள்ளி செலுத்தித் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர்கள் இந்த ஏழைகள்தாமே! இன்று மகளின் கல்யாணத்திற்கு மண்டபமும் நகையும் விருந்துமாக அள்ளி இறைக்கும் கையில், மூன்று லட்சம் வெள்ளி வீட்டிற்கு முன்பணமாகிய முப்பதினாயிரம் மட்டும் இல்லாமற் போவது எங்ஙனம்?

சரி, வாங்கத் துணிந்தவர்களாவது விவேகமாக வாங்குகின்றனரா என்றால், அதுவுமில்லை. வாசல் கிழக்கா மேற்கா என்று பார்க்க ஒருவர், புதுமனை புகும் நாழிகை குறிக்க ஒருவர், இவர்களுக்குத் தட்சிணை. நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி, நிலம் யார் பெயரில் உள்ளது, அடமானம் உண்டா, கேவியட் போடப்பட்டுள்ளதா என்று தேடிப் பார்க்கவோ ஒருவருமில்லை. கிழக்கு வாசல் அடமானத்தை மீட்டுத் தருமா, தோழர்காள்?

தரகர் சிரித்த முகத்துடன் "முதலில் பதிவுப் பணம் கட்டுங்கள், ஒப்பந்தம் பிறகு" என்கிறார். உரிமம் பெற்று வீடு கட்டி விற்கும் கம்பெனிகள், ஒப்பந்தம் கையெழுத்தாகு முன் எப்பெயரிலும் பணம் வாங்கலாகாது என்பது மலேசியாவில் விதி. 2021இல் கூட்டரசு நீதிமன்றம், அவ்வாறு பணம் வாங்கியிருப்பின் வீட்டை ஒப்படைக்கும் கெடு அப்பணம் பெற்ற நாளிலிருந்தே ஓடத் தொடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே அந்த ரசீதைக் கிழித்தெறியாதீர். தரைவீட்டிற்கு 24 மாதம், அடுக்குமாடிக்கு 36 மாதம் என்பது சட்டம் வகுத்த ஒப்பந்தப் படிவங்களில் வழக்கமாய்க் காணும் கெடு. அது தவறினால் வீட்டு விலையில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு, நாட்கணக்கில், கம்பெனி கொடுத்தல் வேண்டும். மூன்று லட்சம் வெள்ளி வீட்டிற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 82 வெள்ளி! ஓராண்டு தாமதத்தை "போகட்டும், சாமி கொடுத்தது" என்று விட்டுவிடுகிறவன் 30,000 வெள்ளியை வாரி வழங்கிய கர்ணன் ஆகிறான்.

"வக்கீல் செலவு இலவசம்" என்பது மற்றொரு தூண்டில். அந்த வக்கீல் கம்பெனியின் வக்கீல். கம்பெனிக்காக ஒப்பந்தம் முடிப்பவர் வாங்குவோனுக்காகவும் நிற்கலாகாது என்று 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டமே தடுக்கிறது. எதிர்க்கட்சி வக்கீலின் மேசையில் அமர்ந்து, படிக்காத தாளில் கையெழுத்திட்டு, அவர் தந்த காப்பியைக் குடித்து எழுந்து வருகிறோம்! முப்பத்தைந்து ஆண்டு கடனுக்கு இத்தனை அவசரமா?

குடியேறிய பின் சுவர் வெடித்தால் அண்டை வீட்டாரிடம் புலம்புவது நம் வழக்கம். சாவி பெற்றதிலிருந்து 24 மாதத்திற்குள் குறையை எழுத்தில் கொடுத்தால் கம்பெனி செலவிலேயே செப்பனிட வேண்டும். மறுத்தால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் உள்ளது. அங்கே புகார் பதியக் கட்டணம் பத்தே வெள்ளி.

இன்னொரு விஷயம். கணவன் மனைவி இருவரும் தத்தம் ஊழியர் சேமநிதியிலிருந்து அவ்வீட்டிற்குப் பணம் எடுக்கலாம். மனைவியின் சேமிப்பை எடுக்க ஓடோடி வருகிறவர்கள், பத்திரத்தில் அவள் பெயரை எழுதும்போது மட்டும் பேனாவை மூடிக்கொள்கின்றனர். அவள் பணம் சேர்ந்த வீட்டில் அவள் பெயரும் இருக்கட்டும். கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தை அவளும் படிக்கட்டும்.